முல்வாட் விபிஎன்: கம்பம், குமுளிப் பக்கத்தில் வாங்கலாமா?

கம்பத்திலிருந்து குமுளி ஏறி வண்டன்மேடு, நெடுங்கண்டம் வரை போய்த் திரும்புகிறவரின் போன் ஒரே நாளில் எத்தனை இணைப்புகள் மாறுகிறது என்று எண்ணிப் பாருங்கள். காலையில் வீட்டு ஃபைபர். லோயர் கேம்ப் வளைவுகளில் வந்து வந்து போகும் தேனிப் பக்கத்து டவர். மேலே ஏறியதும் இடுக்கி டவர். பிறகு ஏலக்காய்க் கடை வைஃபை, தேக்கடி லாட்ஜ் வைஃபை, பிள்ளைகள் கோட்டயத்தில் படித்தால் அங்கே ஹாஸ்டல் வைஃபை. இவற்றில் பாதியை யார் நடத்துகிறார் என்பதே நமக்குத் தெரியாது. நம் இணையத் தரவை மறையாக்கி, தன் சர்வர் வழியே சுற்றி அனுப்பும் சேவைதான் விபிஎன். அது தேவையா, எது நல்லது என்ற கேள்வி இங்கிருந்துதான் கிளம்புகிறது. சுவீடனின் கோத்தன்பர்க் நகரிலிருந்து 2009 முதல் இயங்கும் முல்வாட் சேவையை அந்தரங்கம், பாதுகாப்பு, வாடிக்கையாளர் உதவி என்ற மூன்று பக்கமும் வைத்துப் பார்க்கிறது இந்த மதிப்புரை.

வாங்குவதற்கு முன் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். வங்கித் தளம், ஜிமெயில், வாட்ஸப் எல்லாம் ஏற்கெனவே மறையாக்கத்தோடுதான் ஓடுகின்றன. லாட்ஜ் வைஃபைக்காரர் உங்கள் பாஸ்வேர்டைப் படித்துவிடுவார் என்று விளம்பரங்கள் காட்டுவது பெரும்பாலும் பூச்சாண்டி. அவருக்குத் தெரிவது நீங்கள் எந்தத் தளத்துக்குப் போனீர்கள் என்பது. தளப் பெயருக்குரிய ஐபி முகவரியைக் கேட்கும் டிஎன்எஸ் கேள்வியிலும், இணைப்பு தொடங்கும்போது போகும் தளப் பெயரிலும் அது வெளிப்பட்டுவிடும். எந்த ஆஸ்பத்திரித் தளம், எந்தக் கடன் செயலி, ராத்திரி எத்தனை மணிக்கு என்பதெல்லாம் அதில் அடங்கும். விபிஎன் இதை லாட்ஜுக்கும் இணைய நிறுவனத்துக்கும் மறைத்துவிட்டு, அதே பார்வையை விபிஎன் நிறுவனத்தின் கையில் கொடுக்கிறது. பார்சல் வந்திருக்கிறது என்று வரும் ஏபிகே (செயலியை நிறுவும் கோப்பு), டிஜிட்டல் அரெஸ்ட் என்று மிரட்டும் வீடியோ கால், ஓடிபி கேட்கும் குரல் ஆகியவற்றுக்கு எந்த விபிஎன்னும் மருந்தாகாது.

ஆக, அந்த நிறுவனத்தை எதை வைத்து நம்புவது? ‘நாங்கள் எந்தப் பதிவும் வைப்பதில்லை’ என்ற வாசகம் எல்லா விபிஎன் தளத்திலும் முதல் வரியிலேயே இருக்கும். யுஎஃப்ஓ விபிஎன் தளத்திலும் இருந்தது. 2020 ஜூலையில் அதன் பயனர் பதிவுகள் பூட்டில்லாத சர்வரில் திறந்து கிடந்தது வெளியே தெரிந்தது. ப்யூர்விபிஎன் தளத்திலும் இருந்தது. 2017இல் ஓர் அமெரிக்க வழக்கில் எஃப்பிஐ அதன் பதிவுகளைக் கொண்டு ஆளைக் கண்டுபிடித்தது. ஆகவே வாக்கைக் கேட்டுப் பயனில்லை. கொடு என்று கேட்டாலும் கொடுக்க ஒன்றும் இல்லாதபடி அந்தச் சேவை கட்டப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். முல்வாட் மற்றவற்றிலிருந்து பிரிவது இந்த இடத்தில்தான்.

முல்வாட்டில் கணக்குத் தொடங்கப் பெயர் வேண்டாம், மின்னஞ்சல் வேண்டாம், போன் நம்பர் வேண்டாம். பட்டனை அழுத்தினால் 16 இலக்க எண் ஒன்று வரும். கணக்கும் அதுதான், பாஸ்வேர்டும் அதுதான். தானாகப் பணம் பிடிக்கும் சந்தா முறையை 2022இல் எடுத்துவிட்டார்கள். மாதாமாதம் பிடிக்க வேண்டுமானால் பணம் கட்டியவரின் விவரத்தை வைத்திருக்க வேண்டியிருக்கிறது என்பதே அவர்கள் சொன்ன காரணம். வருமானம் குறைந்தாலும் பரவாயில்லை, விவரம் வேண்டாம் என்று ஒரு கம்பெனி முடிவெடுத்தது எனக்குப் பெரிய சான்றாகப் படுகிறது. 2023 செப்டம்பருக்குள் விபிஎன் சர்வர்கள் அனைத்தையும் வன்தட்டு இல்லாமல் ராம் நினைவகத்திலேயே ஓடும்படி மாற்றி முடித்தார்கள். மின்சாரம் நின்றால் சர்வரில் எதுவும் மிஞ்சாது.

இதற்கு நேரடிச் சோதனையும் நடந்துவிட்டது. 2023 ஏப்ரல் 18 அன்று சுவீடன் போலீஸார் தேடுதல் வாரண்டோடு கோத்தன்பர்க் அலுவலகத்துக்கு வந்தார்கள். வாடிக்கையாளர் தகவல் இருக்கும் கணினிகளை எடுத்துப்போவது அவர்கள் நோக்கம். அப்படி ஒரு தகவல் இங்கே இல்லை என்று எடுத்துச் சொன்னதும், எதையும் எடுக்காமல் திரும்பினார்கள். சுவீடன் ‘14 கண்கள்’ எனப்படும் உளவுப் பகிர்வு நாடுகளில் ஒன்று என்பதைக் குறையாகச் சொல்வோர் உண்டு. நியாயமான கவலைதான். ஆனால் கையில் இல்லாததை எந்த நாட்டுச் சட்டமும் பிடுங்க முடியாது.

இந்தியச் சட்டம் இதில் எங்கே வருகிறது? 2022 ஏப்ரல் 28 அன்று மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் பிறப்பித்த உத்தரவின்படி, விபிஎன் நிறுவனங்கள் வாடிக்கையாளரின் சரிபார்த்த பெயர், முகவரி, தொடர்பு எண், வழங்கிய ஐபி முகவரி, எதற்காக வாங்கினார் என்பது உட்பட எல்லாவற்றையும் 5 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். கணக்கை மூடிய பிறகும் அந்த 5 ஆண்டு ஓடும். விபிஎன் நிறுவனங்களுக்கு இது 2022 செப்டம்பர் 25 முதல் நடைமுறைக்கு வந்தது. எக்ஸ்பிரஸ், நார்டு, சர்ஃப்ஷார்க், புரோட்டான் ஆகிய விபிஎன் நிறுவனங்கள் எல்லாம் இந்திய மண்ணிலிருந்து சர்வர்களைத் தூக்கியது இதனால்தான். இன்று அவற்றில் ‘இந்தியா’ என்று பட்டியலில் தெரிந்தால், பெட்டி பெரும்பாலும் சிங்கப்பூரிலோ லண்டனிலோ இருக்கும். முகவரி மட்டும் இந்தியாவுடையது. முல்வாட்டில் அப்படிப் பெயரளவுக்குக்கூட இந்தியா இல்லை. விபிஎன் பயன்படுத்துவது இந்தியாவில் பொதுவாகக் குற்றமல்ல. சில மாவட்டங்களில் தடை உத்தரவுக் காலத்தில் கட்டுப்படுத்தியிருக்கிறார்கள். 2025 ஜனவரியில் சில விபிஎன் செயலிகள் இந்திய ஆப் ஸ்டோர்களிலிருந்து நீக்கவும்பட்டன. முல்வாட் செயலி ப்ளே ஸ்டோர் தவிர எஃப்-டிராய்டு என்ற வேறொரு செயலிக் கடையிலும் சொந்தத் தளத்திலும் கிடைப்பதால், ஒரு கதவு மூடினாலும் புதுப்பிப்பு நிற்காது.

இந்திய முகவரி இல்லாததுதான் நம் பக்கத்தவருக்கு முதல் நடைமுறைச் சிக்கல். வெளிநாட்டு ஐபியிலிருந்து சில அரசுத் தளங்கள் திறக்காது, சில வங்கிச் செயலிகள் உள்ளே விடாது. கமிஷன் கடைக் கணக்கர் ஜிஎஸ்டி கட்டும் நேரத்தில் இது தலைவலியாகும். செயலியில் ‘ஸ்பிளிட் டனலிங்’ என்ற வசதி இருக்கிறது. அதில் குறிக்கும் செயலிகள் மட்டும் விபிஎன்னுக்குள் போகாமல் நேரே போகும். ஆண்ட்ராய்டில் யுபிஐ, வங்கி, டிக்கெட் செயலிகளை அதில் சேர்த்துவிடுங்கள். கணினியில் ஃபயர்ஃபாக்ஸை விலக்குப் பட்டியலில் போட்டு அரசுத் தளங்களுக்கு மட்டும் வைத்துக்கொண்டு, மற்ற வேலையை இன்னொரு பிரவுசரில் செய்வது சுலபம். ஐபோனில் இந்த வசதியே கிடையாது. அங்கே வங்கி வேலைக்கு முன் விபிஎன்னை நிறுத்தி, முடிந்ததும் போட வேண்டும்.

ஆண்ட்ராய்டில் பலர் சிக்கிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. செட்டிங்ஸில் விபிஎன் பக்கத்துக்குப் போய், முல்வாட் பெயருக்குப் பக்கத்திலுள்ள பல்சக்கரத்தைத் தொட்டால் இரண்டு சுவிட்சுகள் தெரியும். முதலாவது, விபிஎன் எப்போதும் ஓடச் செய்வது. இதைப் போட்டே ஆக வேண்டும். இரண்டாவது, விபிஎன் இல்லாத இணைப்புகளை முழுக்கத் தடுப்பது. இதைப் போட்டால் ஸ்பிளிட் டனலிங்கில் விலக்கிய செயலிகளுக்கு இணையமே வராது. யுபிஐ செத்துப்போய்விட்டது, முல்வாட் மோசம் என்று திட்டுவதற்கு முன் இந்தச் சுவிட்சைப் பாருங்கள். பத்திரிகை வேலை போன்ற, ஒரு துளி கசிந்தாலும் ஆபத்து என்ற நிலையிலிருப்பவர்கள் இரண்டாவதையும் போட்டுக்கொண்டு, பணப் பரிமாற்றத்துக்கு வேறு போன் வைத்துக்கொள்ளலாம். அந்தச் சுவிட்சும் முழுக்க அடைப்பதில்லை. இணையம் இருக்கிறதா என்று பார்க்க ஆண்ட்ராய்டு அனுப்பும் சிறு சோதனைகள் அப்போதும் வெளியே போகின்றன என்பதை 2022இல் முல்வாட்டே வெளியிட்டது. தன் செயலியால் அடைக்க முடியாத ஓட்டையைத் தானே ஊருக்குச் சொல்லும் நிறுவனத்தை நம்பலாம் என்பது என் கருத்து.

இன்னொரு ஓட்டை ஹாட்ஸ்பாட். போனில் விபிஎன் ஓடுகிறது, அதில் லேப்டாப்பை இணைத்திருக்கிறேன், ஆகவே லேப்டாப்பும் பாதுகாப்பு என்று நினைப்பது தவறு. சாதாரண ஆண்ட்ராய்டில் ஹாட்ஸ்பாட் வழியாகப் போகும் தரவு போனின் விபிஎன்னுக்குள் நுழையாது. லேப்டாப்பில் தனியாகச் செயலியைப் போட வேண்டும். ஒரு கணக்கில் 5 கருவிகள் வரை சேர்க்கலாம். ஒவ்வொன்றுக்கும் இரண்டு ஆங்கிலச் சொற்களை ஒட்டி ஒரு பெயரைச் செயலியே வைத்துவிடும். எந்தப் பெயர் எந்தக் கருவி என்று குறித்து வைத்தால், ஆறாவது போன் வரும்போது தவறானதை நீக்க மாட்டீர்கள்.

மறையாக்கத்துக்கு முல்வாட் இப்போது வயர்கார்டு நெறிமுறையை மட்டுமே நம்புகிறது. 2026 ஜனவரி 15 முதல் ஓப்பன்விபிஎன் சர்வர்களை நிறுத்துவதாக அறிவித்தார்கள். ஓப்பன்விபிஎன் மட்டும் தெரிந்த பழைய ரூட்டரை ஹோம்ஸ்டேயில் வைத்திருப்பவர்களுக்கு அந்த ரூட்டர் இனி உதவாது. மற்றவர்களுக்கு இது நல்ல மாற்றம். வயர்கார்டின் மூலநிரல் ஏறத்தாழ 4,000 வரிகள்தான். ஆராய்ந்து பார்க்கக் கூடிய அளவு. 2020 மார்ச் முதல் லினக்ஸ் கர்னலிலேயே இருக்கிறது. மலைப்பாதைக்கு இது பொருந்துவதற்கு வேறொரு காரணம் இருக்கிறது. டவர் மாறி ஐபி முகவரி மாறினாலும் வயர்கார்டு புதிதாக இணையத் தேவையில்லை. அடுத்த தரவுக்கட்டு புது முகவரியிலிருந்து போனதும் சர்வர் அதைப் பிடித்துக்கொள்ளும். குமுளி ஏற்றத்தில் சிக்னல் அறுந்து அறுந்து வரும்போது, டிசிபி என்ற அனுப்பும் முறையில் ஓடும் பழைய விபிஎன்கள் மாதிரி ஒவ்வொரு முறையும் சுற்றிக்கொண்டே நிற்காது.

ஐபிவி6 என்ற புது வகை இணைய முகவரி வழியாக நடக்கும் கசிவு இந்தியாவில் தனியாகக் கவனிக்க வேண்டியது. ஜியோ, ஏர்டெல் மொபைல் இணைப்புகளில் ஐபிவி6 இன்று சாதாரணம். ஆஸ்திரேலியாவின் சிஎஸ்ஐஆர்ஓ அமைப்பும் மற்ற ஆய்வாளர்களும் சேர்ந்து 2016இல் 283 ஆண்ட்ராய்டு விபிஎன் செயலிகளை ஆராய்ந்தபோது, 18 சதவீதம் எந்த மறையாக்கமும் செய்யவில்லை. 84 சதவீதம் ஐபிவி6 தரவை வெளியே விட்டன. ஓசி செயலிகள் இன்றும் ஸ்டோரில் குவிந்து கிடப்பதால் இந்த எண்களை மறக்கக் கூடாது. முல்வாட் செயலி ஐபிவி6ஐ டனலுக்குள் (விபிஎன்னின் மறையாக்கப் பாதைக்குள்) அனுப்பும், இல்லாவிட்டால் அடைத்துவிடும். சோதிக்க, முல்வாட் தளத்திலுள்ள இணைப்புச் சோதனைப் பக்கத்தைத் திறந்து ஐபி, டிஎன்எஸ், வெப்ஆர்டிசி (பிரவுசரின் நேரடி வீடியோ, குரல் வசதி) மூன்றும் பச்சையாக இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒரு முறை வைஃபையில், ஒரு முறை மொபைல் டேட்டாவில், ஒரு முறை வைஃபையிலிருந்து டேட்டாவுக்கு மாறிய உடனே.

வேகத்தைப் பொறுத்தவரை நமக்குச் சிங்கப்பூர்தான். சென்னையிலிருந்து கடலடிக் கேபிளில் ஏறத்தாழ 3,000 கிலோமீட்டர். கண்ணாடி இழையில் ஒளி மில்லி விநாடிக்கு ஏறத்தாழ 200 கிலோமீட்டர் போகும் என்பதால், போய் வர 30 மில்லி விநாடிக்குக் குறையவே முடியாது. கம்பத்திலிருந்து சென்னை வரையுள்ள தூரமும் அதன் மேல் சேரும். யூடியூப், வாட்ஸப் கால் எல்லாம் இதில் நன்றாகவே ஓட வேண்டும். ‘சுவீடன்’ என்று செயலி முதலில் காட்டுவதை அப்படியே விட்டால் தாமதம் 150க்கு மேல் போய், எல்லாமே மந்தமாகத் தெரியும். சிங்கப்பூரை நீங்களே தேர்ந்தெடுக்க வேண்டும். ஒரு தரவுக்கட்டுக்கு வயர்கார்டு 60 முதல் 80 பைட் கூடுதலாகச் சேர்ப்பதால், தினம் 1.5 ஜிபி திட்டத்தில் குறைந்தது 60 எம்பி அதற்கே போகும். டைட்டா என்றொரு வசதி கட்டுகளையெல்லாம் ஒரே அளவாக்கிப் போலித் தரவையும் கலந்துவிடும். மொபைல் டேட்டாவில் அதைப் போட்டால் அன்றைய அளவு மதியத்துக்குள் தீர்ந்தாலும் ஆச்சரியமில்லை. அது ஃபைபருக்கு உரியது.

பழுது வரும் இடங்கள் சிலவற்றை முன்கூட்டியே தெரிந்துகொண்டால் உதவிக்கு எழுத வேண்டிய தேவையே குறையும். இணைந்தது என்று காட்டுகிறது, ஆனால் தளங்கள் பாதி திறந்து நிற்கின்றன என்றால், தரவுக்கட்டின் அளவு அந்த இணைப்புக்குப் பெரிதாக இருக்கிறது என்று பொருள். செயலியின் விபிஎன் அமைப்புகளில் எம்டியூ என்ற இடத்தில் 1280 என்று போடுங்கள். லாட்ஜ் வைஃபையில் ரூம் நம்பர் கேட்கும் பக்கம் வரவில்லை என்றால், விபிஎன்னைத் துண்டித்து, அந்தப் பக்கத்தில் நுழைந்துவிட்டு மறுபடி இணையுங்கள். வயர்கார்டு ஓடும் யுடிபி என்ற அனுப்பும் முறையை ஹாஸ்டல் வைஃபை அடைத்திருந்தால் இணைப்புச் சுற்றிக்கொண்டே இருக்கும். விபிஎன் தரவை வேறு வடிவில் காட்டும் மறைப்பு முறை செயலியில் இருக்கிறது, அதில் யுடிபியை டிசிபியாக்கும் தேர்வையோ, ஷேடோசாக்ஸ் என்ற தேர்வையோ எடுங்கள். வேகம் குறையும், ஆனால் இணையும். ஆண்ட்ராய்டின் ‘பிரைவேட் டிஎன்எஸ்’ இடத்தில் வேறு பெயர் கொடுத்திருந்தால், முல்வாட்டின் விளம்பரத் தடுப்பும் சூதாட்டத் தளத் தடுப்பும் வேலை செய்யாது, அதை நிறுத்திவையுங்கள்.

கடைசியாக, யாரும் சந்தேகப்படாத ஒன்று: கடிகாரம். மதர்போர்டு பேட்டரி தீர்ந்த பழைய கணினி, கரண்ட் போய் வந்ததும் பல வருடம் பின்னால் போய்விடும். வயர்கார்டு ஒவ்வொரு கைகுலுக்கலிலும் (இணைப்பைத் தொடங்கும் செய்தியிலும்) நேரத்தைச் சேர்த்து அனுப்புகிறது. முன்பு பார்த்ததைவிடப் பழைய நேரம் வந்தால் யாரோ பழைய செய்தியைத் திருப்பி அனுப்புவதாக எண்ணிச் சர்வர் நிராகரித்துவிடும். தேதியைச் சரிசெய்து, சில ரூபாய்க்கு சிஆர்2032 பேட்டரி ஒன்று போட்டால் முடிந்தது.

வாடிக்கையாளர் உதவியில் முல்வாட்டுக்கு அந்தரங்கம், பாதுகாப்பு இரண்டையும்விட மதிப்பெண் குறைவுதான் கொடுக்க முடியும். போன் கிடையாது, லைவ் சாட் கிடையாது, தமிழ்ச் செயலி கிடையாது. மின்னஞ்சல் ஒன்றே வழி, அதுவும் ஆங்கிலத்தில். ராத்திரி பத்து மணிக்கு லாட்ஜில் இணைப்பு வராமல் தவிப்பவருக்கு இது போதாது. ஆனால் எழுதும் முறை சரியாக இருந்தால் அலைச்சல் குறையும். செயலிக்குள்ளேயே பிரச்சினையைத் தெரிவிக்கும் பக்கம் உண்டு. அது பதிவுக்கோப்பிலிருந்து அந்தரங்க விவரங்களை நீக்கிவிட்டே அனுப்பும். அனுப்புமுன் நீங்களே திறந்து படித்துப் பார்க்கலாம். கோளாறு நடந்த பத்து நிமிடத்துக்குள் அங்கிருந்தே அனுப்புங்கள். எந்த இணைப்பு, எந்தச் சர்வர், என்ன மணி, மறைப்பு முறை போட்டும் போடாமலும் என்ன நடந்தது என்று நாலு வரி எளிய ஆங்கிலம் போதும். ‘வேலை செய்யவில்லை’ என்று மட்டும் எழுதினால் முதல் பதிலே கேள்வியாகத்தான் வரும், ஒரு நாள் வீண். கணக்கு எண்ணைப் பொது இடத்தில் பகிரவே கூடாது. அதை வைத்திருப்பவர்தான் முதலாளி. தொலைத்துவிட்டால், மீட்கும் மின்னஞ்சல் என்ற ஒன்றே இல்லாததால் திரும்பக் கிடைக்காமலே போகலாம். வீட்டுப் பத்திரத்தோடு ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

விலை மாதம் 5 யூரோ. ஒரு மாதம் எடுத்தாலும் ஒரு வருடம் எடுத்தாலும் அதே கணக்கு. ‘80 சதவீதத் தள்ளுபடி, இன்னும் மூன்று மணி நேரம்தான்’ என்ற கூத்து இல்லை. நம் பணத்தில் ஏறத்தாழ 500 ரூபாய், அதன் மேல் வங்கியின் அந்நியச் செலாவணிக் கட்டணம், அந்தக் கட்டணத்துக்கு 18 சதவீத ஜிஎஸ்டி. 2020 முதல் புது கார்டுகளில் வெளிநாட்டுப் பரிமாற்றம் அடைத்தே வருவதால், வங்கிச் செயலியில் அதைத் திறந்துவிட்டுக் கட்டி, பிறகு மூடிவிடுங்கள். ஆண்ட்ராய்டில் ப்ளே ஸ்டோர் வழியாகச் செயலிக்குள்ளேயே 30 நாள் வாங்கும் வசதியும் இருக்கிறது. கார்டு இல்லாதவர்களுக்கு அது எளிது, ஆனால் வாங்கியது கூகுளுக்குத் தெரியும். உறையில் பணத்தாள் வைத்து அனுப்பலாம் என்று முல்வாட் சொல்வதை நாம் பின்பற்ற வேண்டாம், இங்கிருந்து அப்படி அனுப்புவது அந்நியச் செலாவணி விதிகளில் மாட்டும்.

500 ரூபாய் அதிகம் என்பவர்களுக்கு புரோட்டான் விபிஎன்னின் இலவசத் திட்டத்தைத் தயங்காமல் சொல்லலாம். டேட்டா வரம்பு இல்லை, செயலிகளின் மூலநிரல் 2020 முதல் திறந்திருக்கிறது. ஒரு கருவிதான், நாட்டை நீங்கள் தேர்ந்தெடுக்க முடியாது. தூரத்து நாடு கிடைத்தால் மெதுவாக இருக்கும். இந்திய முகவரியும் லைவ் சாட்டும் கட்டாயம் வேண்டும் என்றால் அதன் கட்டணத் திட்டமே முல்வாட்டைவிடப் பொருந்தும். துபாய், சவூதியிலிருந்து ஊருக்கு வந்து போகிறவர்கள் அங்குள்ள விபிஎன் சட்டத்தைத் தனியாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். இங்கே சரி என்பது அங்கே குற்றமாகலாம். ஓடிடி படங்களுக்காக வாங்குகிறவர்களும் முல்வாட் பக்கம் வர வேண்டாம், அதற்காக அவர்கள் மெனக்கெடுவதில்லை.

வாங்குகிறவர்கள் ஒரு மாதத்துக்கு மட்டும் வாங்குங்கள். பணம் திரும்பப் பெற 14 நாள் அவகாசம் இருக்கிறது. முதல் வாரத்துக்குள் ராத்திரி 9 மணிக்கு விபிஎன் இல்லாமல் மூன்று முறை, சிங்கப்பூரில் மூன்று முறை வேகம் பாருங்கள். மலை ஏறி இறங்கும் ஒரு நாள் முழுக்க ஓடவிடுங்கள். உங்கள் வங்கி, ஜிஎஸ்டி தளம் எல்லாவற்றையும் ஒரு முறை திறந்து பாருங்கள். ஒத்துவரவில்லை என்றால் பத்தாவது நாளே, கட்டிய ரசீதையும் கணக்கு எண்ணையும் சேர்த்து அவர்களுக்கு எழுதிவிடுங்கள். வார இறுதி குறுக்கே வந்தாலும் நாள் மிஞ்சும்.